பேறுகாலத்துக்கு வளர்த்த வெடைக்கோழிகள்

என் மகள் மாசமாக இருக்கும் செய்தி எனக்கு முன்னால் என் ஓர்ப்படியாளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாக இருக்க, பெங்களூரிலிருந்து அவள் முதலில் போன் போட்டது சித்திக்கு. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, காப்பி வாசனை பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். சித்திக்காரி அங்கேயே ஜாதகம் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

ஓர்ப்படியாள் என்றால் என் கொழுந்தனின் மனைவி. மார்க்கையன்கோட்டையில் ஒரே மனையை அண்ணனும் தம்பியும் பிரித்துக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. கொல்லைப்புறத்தில் நடுவே ஒரு சுவர், இடுப்பு உயரம்தான். அன்றைக்கு அவள் அந்தச் சுவரோரம் வந்து நின்று, "என்னக்கா, பாட்டியாகப் போறீக, வாயில ஒரு சீனி கூடப் போட மாட்டேங்கிறீக?" என்றாள். நானா விட்டுக்கொடுப்பேன்? "காலையிலயே எங்கிட்டச் சொல்லிட்டா. நாள் போகட்டும்னுதான் நான் வாயத் திறக்கல" என்று சொல்லிவிட்டு, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் குழம்பே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் போன் செய்தபோது, அப்போதுதான் கேட்பதுபோல "அப்படியா ஆத்தா!" என்று ஆச்சரியப்பட்டேன். நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பொறாமைதான், வேறென்ன. மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேருமே திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள். பெண் குழந்தை இல்லை. என் மகள் சிறு வயதிலிருந்தே சாப்பாடு என் வீட்டில் என்றால் பேச்சு அவள் வீட்டில். நான் தலை பின்னிவிட்டால் வலிக்கும், சித்தி பின்னிவிட்டால் வலிக்காது. கைவைத்தியம், சடங்குப் பாவாடையின் நிறம், மாப்பிள்ளை போட்டோ, எல்லாவற்றுக்கும் முதல் அபிப்பிராயம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். நான் அதட்டுவேன், அவள் அதட்டமாட்டாள். அதட்டாமல் வளர்க்க, அடுத்தவள் பிள்ளையாக இருந்தால் யாருக்கும் முடியும்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் வெடைக்கோழி அடித்துப் போடுவார்கள். வெடை என்றால் இன்னும் முட்டை வைக்க ஆரம்பிக்காத இளம் பெட்டை. மிளகாயைக் குறைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்து ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்தால் போன உடம்பு திரும்பி வரும், பாலும் ஊறும் என்பார்கள். கடையில் நிறுத்து வாங்கும் கோழி அதற்கு ஆகாது. தாய் வீட்டுக் கோழியாக இருக்க வேண்டும், அதுதான் தாய்க்குக் கௌரவம். என் மகள் பேறுகாலத்துக்கு என் கொல்லையில், என் கையால் வளர்ந்த கோழிதான் சட்டிக்குப் போகும் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். சித்தி வீட்டு இறகு ஒன்று கூட அதில் விழக்கூடாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கோழி விஷயத்தில் எங்கள் தெருவுக்கே வாத்தியார் அவள்தான். மதியம் சோறு உண்டு பாத்திரம் கழுவியதும் தெருப் பொம்பளைகள் அவள் கொல்லை முருங்கை மரத்தடியில் கூடிவிடுவார்கள். ஒருத்தி வீட்டுக் கோழி கண்ணைத் திறக்காமல் சொக்கி நிற்கும். ஒருத்தி வீட்டுக் கோழி அடையை விட்டு எழுந்திருக்காது, தண்ணியில் முக்கியும் கேட்காது. இன்னொருத்தி வீட்டில் கீரி வந்த கதை, வாரத்துக்கு ஒரு முறை சொல்வாள், ஒவ்வொரு முறையும் கீரி கொஞ்சம் வளர்ந்திருக்கும். கேரள எல்லையோரக் கூடலூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த தையல்காரம்மா, அவர்கள் ஊரில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைத்து, குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கியதும் தாய்க்கோழி கரையில் நின்று கத்திய கத்தலை நடித்தே காட்டுவாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே சிரிப்பேன். அங்கே போய் உட்கார்ந்து சிரிக்க எனக்கென்ன தலையெழுத்தா?

எல்லாக் கதையும் முடிந்து கடைசியில் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். அவள் நிதானமாகச் சொல்லுவாள், சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருண்டையாகக் கொடு, கூண்டை வெயிலில் போடு, சீக்குக் கோழியைத் தனியாக வை என்று. எனக்குத் தெரியாத ஒன்றும் அவள் சொன்னதில்லை. ஆனால் நான் சொன்னால் ம் என்பார்கள், அவள் சொன்னால் போய்ச் செய்வார்கள். அடை வைப்பதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கைராசியாம். அவள் கையால் முட்டையை எடுத்து வைத்தால் ஒன்று கூடக் கூமுட்டை ஆகாதாம். கெட்டு நாறும் முட்டைக்கும் இவள் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குத்தான் பொல்லாதவள் என்று பெயர் வரும்.

ஆக, நான் அவளைக் கூப்பிடவில்லை. என் கருங்கோழி அடைக்கு உட்கார்ந்ததும், கூடையில் மணலைப் பரப்பி, ஒரு கரித்துண்டு, ஒரு வற்றல் மிளகாய், ஒரு இரும்பாணி மூன்றையும் ஓரத்தில் செருகி, முட்டைகளை நானே வைத்தேன். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க அந்தக் காவல். எனக்கென்று அந்தச் சமயம் பார்த்துத்தான் மேற்கு மலையில் நாள் தவறாமல் இடி. வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் சுவரோரம் வந்து, "அடை வச்சுட்டீகளாக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல" என்றாள். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். நாலைந்து கூமுட்டை போக மற்றதெல்லாம் பொரித்தன. அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படி நடக்கமாட்டார்.

குஞ்சுகள் சுவரேறித் தாவும் வயது வந்ததும் ஒவ்வொன்றின் காலிலும் என் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். அவள் குஞ்சுகளோடு கலந்துவிடக்கூடாது இல்லையா. மழை தொடங்கி, கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வருகிறது என்று தெருவில் பேச்சு வந்தபோது அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சின்னமனூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "உங்க குஞ்சுகளுக்கும் சேத்து மருந்து வாங்கியாரவாக்கா? ஒரு குப்பி எல்லாத்துக்கும் காணும்" என்றாள். வேண்டாம் என்றேன். மறுநாள் நான் தனியாக ஒரு பிளாஸ்க்கில் ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் போய் அதே மருந்தை வாங்கி வந்தேன். கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு. மீதியைக் கீழே ஊற்றினேன். என் வீட்டுக்காரர் திகைப்பாகப் பார்த்துவிட்டு, "உனக்குக் கிறுக்கு முத்திருச்சு" என்று சொல்லி வயலுக்குப் போனார். நெல் நடவு நேரம், அவருக்கு வேறு கவலை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து மகளைக் கூட்டிவந்தோம். கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காலையெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மதியம் சோறு உண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். நான் வெற்றிலை மடித்து வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்காருவாள், மசக்கைக் கதை சொல்லுவாள் என்று காத்திருப்பேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "சித்தி வீட்டுல பேசிக்கிட்டு இருக்காக, கேட்டுட்டு வரேம்மா" என்று போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா "வா மோளே" என்று மலையாள வாடையோடு கூப்பிடுவது கேட்கும். அப்புறம் சிரிப்பு. என் மகள் சிரிப்பு தனியாகத் தெரியும் எனக்கு. இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் துணி உலர்த்தவும் மனம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதை யோசனை என்றே அன்றைக்கு நினைத்தேன். "ஆத்தா, எனக்கு முட்டி வலிக்குது. மதியத் தீனிய இனிமே நீ போடுறியா?" என்றேன். முட்டியில் ஒரு வலியும் இல்லை. கம்பையும் குருணையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் கையில் கொடுத்து, கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். சுவருக்கு முதுகு காட்டித்தான் போட்டேன். பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் பிடித்திருக்கும். அந்தப் பானையையும் அவள் காலடியில் நிமிர்த்தி வைத்தேன். கரையானுக்குக் கோழிகள் பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்து, என் மகள் குழந்தைபோலக் கை தட்டினாள்.

அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் போவது நின்றது. முதலில் மதியம் மட்டும். பிறகு காலையிலும் லேப்டாப்பைக் கொல்லைக்கே தூக்கி வந்துவிட்டாள். மீட்டிங்கில் இவள் பேசும்போது பின்னால் கோழி கொக்கரிக்க, அந்தப் பக்கம் இருப்பவர்கள் சிரிக்க, இவள் போனைத் திருப்பி அதுகளைக் காட்டுவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கழுத்தில் முடி இல்லாதவள் மேனேஜராம். தலையில் பூப்போல இறகு வைத்திருந்தவள் கொண்டைக்காரி. கொண்டைக்காரி அவள் மடியில் ஏறி, பெருத்த வயிற்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே பிள்ளை உதைத்தால் துள்ளி இறங்கும். மறுபடியும் ஏறும். மகள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்ப்பேன். அவளுடைய மசக்கைக் கதை, மாமியார் கதை, ஆபீஸ் கதை எல்லாம் அந்த நாற்காலியில் வைத்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. இத்தனை வருடத்தில் அவ்வளவு பேச்சு நாங்கள் பேசியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடினாலும் அவள் காதில் விழாது. எனக்கு விழும், விழுந்தால் கூடக் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.

ஒரு நாள் பிளவுஸ் கொடுக்க வந்த தையல்காரம்மா மடியில் இருந்த கோழியைப் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "என்ன காரியம் பண்ணுறீக? அறுக்கப்போற கோழிக்குத் தீனியத் தூரத்துல எறிஞ்சுட்டு வந்துரணும். கையில வச்சு ஊட்டுனா அப்புறம் யாரு கத்தியத் தொடுறது? கோழி வளக்குற நமக்குத் தெரியாததா?" என்றாள். தெரியாமலா? நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அறுக்கிற கோழிக்குப் பெயர் வைத்ததில்லை, முகம் பார்த்ததில்லை. ஆனால் நாற்காலியை எடுத்தால் மகள் செருப்பை மாட்டுவாள். "அவ பெங்களூர்க்காரி, அதெல்லாம் பாக்கமாட்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்து, பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுக்கும் நாட்கள் போய், கோழி அடிக்கலாம் என்று நாள் வந்தது. காலையிலேயே அம்மியைக் கழுவி மிளகு சீரகம் எடுத்து வைத்தேன். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டி வந்தது. கவிழ்த்த பஞ்சாரக் கூடைக்குள் கையை விட்டேன். முதலில் அகப்பட்டது கொண்டைக்காரி. அது கத்தவில்லை. என் கையை மகள் கை என்று நினைத்திருக்கும், மணிக்கட்டில் தலையை வைத்துக்கொண்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்காரரைக் கத்தியோடு வரச் சொன்னேன்.

கூடத்திலிருந்து மகள் பார்த்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, எழுந்து ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அத என்ன பண்ணப் போற?"

"உனக்குத்தான் ஆத்தா. குழம்பு வைக்க."

"எனக்கா? அதயா? அத நான் திம்பேனாம்மா? எம் மடியில தூங்கினதும்மா அது!"

"சரி, வேற புடிக்கிறேன்."

"எந்த வேற? மேனேஜரயா? ஒன்னையும் தொடக்கூடாது. தொட்டா நான் பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். விம்மி விம்மி அழுதாள். உள்ளே பிள்ளையும் அழுதது. என் வீட்டுக்காரர் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நான் சொல்லியா இதெல்லாம் நடந்தது என்பதுபோல நின்றார். "கோழிக் குழம்பு உண்ணாம எப்படித்தா உடம்பு தேறும்?" என்றேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "சித்தி வீட்டுக் கோழின்னா சாப்பிடுறேன்" என்றாள்.

என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அந்தச் சுவரோரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓர்ப்படியாள் நின்றிருந்தாள். திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அறுத்து, மஞ்சள் பூசித் தீயில் வாட்டிய ஒரு வெடைக்கோழி வாழை இலையில் சுவர் மேல் வந்தது. "நான் குழம்பு வைக்கவாக்கா?" என்று கேட்டாள். "மசால் அரைச்சாச்சு" என்று வாங்கிக்கொண்டேன். கோழி அவளுடையதாகப் போனாலும் குழம்பாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று, கை வலிக்க வலிக்க அரைத்ததை மறுபடியும் அரைத்தேன். சாதத்தைக் குழைய வடித்து, குழம்பை ஊற்றி, எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன். மகள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். "சூப்பரா இருக்கும்மா. சித்தி வீட்டுக் கோழி நல்ல பஞ்சு மாதிரி இருக்குல்ல?" என்றாள். நான் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். அதன் பிறகும் பத்தியம் முடியும்வரை அந்தச் சுவர் மேலேதான் கோழி வந்தது. என் கோழிகள் கொல்லையில் கொழுத்துத் திரிந்தன. ஒன்றிரண்டு முட்டை வைக்கவும் ஆரம்பித்துவிட்டன. சட்டிக்கு இனி லாயக்கில்லை.

மகள் பெங்களூருக்குக் கிளம்பும் நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வந்து, இருவரும் குழந்தைக்கு ஊசி போடப் போயிருந்தார்கள். நான் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓர்ப்படியாள் சுவரைச் சுற்றி என் பக்கமே வந்து நின்றாள். மடியில் அவள் கோழிகளுக்குப் போட எடுத்த கம்பு இருந்தது. என் கோழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? துணி உலர்த்துகிற சாக்கில் நான் பார்க்கிற பார்வைதான் அது. இவளும் இப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"எங்கோழிய அறுக்கயில ஒருத்தரும் அழுகல, பாத்தீகளாக்கா?" என்றாள்.

பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். உள்ளுக்குள் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் அசிங்கமாக இருக்கும், ஆனால் வந்தது. வெள்ளம்போல வந்தது.

"நானும் இவளுக்குன்னுதான் வளத்தேன். அவ தின்னது எனக்குச் சந்தோசந்தேன். ஆனா பேறுகாலத்துக்கு முன்னால ரெண்டு மாசமா அவ எங்கொல்லைப் பக்கமே எட்டிப் பாக்கல. பாத்திருந்தா எங்கோழியையும் அறுக்க விட்டிருக்கமாட்டா" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அப்புறம் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். "அக்கா, கொண்டைக்காரிய மட்டும் எனக்குக் குடுங்க. கோழிக்கு மாத்துக் கோழி ரெண்டாக்கூடத் தாரேன். ஊருக்குப் போயிட்டா அவ போன்ல இதுகளத்தானே கேப்பா. எங்கிட்டயும் ஒன்னு இருந்தா, எனக்கும் ஒரு போன் வரும்ல."

அவள் இவ்வளவு நாளும் என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. கொடுத்தே பழகியவள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், "தரமாட்டேன்" என்றேன். கையிலிருந்த தேங்காய் நாரைப் போட்டுவிட்டு, எழுந்து நின்று, முகத்துக்கு நேராகவே சொன்னேன். "அத மட்டும் கேக்காத. வேற எது வேணும்னாலும் எடுத்துக்க."

"சரிக்கா" என்றாள். முகம் சுளிக்கவில்லை. திரும்பி நடந்தவள், மடி பாரமாக இருந்ததோ என்னவோ, கம்பில் ஒரு கை அள்ளித் தரையில் இறைத்தாள்.

அவ்வளவுதான். கொல்லையின் நாலு மூலையிலிருந்தும் என் கோழிகள் சிறகடித்துக்கொண்டு அவளிடம் ஓடின. மேனேஜர் முதலில், பின்னால் மற்றதெல்லாம். கொண்டைக்காரி தரையில் கிடந்ததை விட்டுவிட்டு அவள் கையையே எட்டி எட்டிப் பார்த்தது. அவள் குனிந்து உள்ளங்கையை நீட்டினாள். அது கூசாமல் கொத்தியது. நானும் ஈரக் கையோடு "பா பா பா" என்று கூப்பிட்டேன், ஒருமுறைக்கு இருமுறை. என் கையில் ஒன்றுமில்லை என்று அதுகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.